ஓடாத எஞ்சினுக்கும் மார்க் போடுங்கள்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஐந்தாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாளே நம் கேன்டீனில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "டேய், பிராஜக்ட் எங்கடா வாங்கப் போறீங்க?" கவனித்தீர்களா? 'என்ன செய்யப் போறீங்க' என்று யாரும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் யார் மேலாவது விரல் நீட்டினால், முதல் விரல் என் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் நாலு பேர். கடையில் சொன்ன விலை பதினாறாயிரம். ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் சேர்த்துத்தான். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பேப்பர் வேறு தருவார்களாம்! தலைக்கு நாலாயிரம். என் அம்மா பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். போய்க் கேட்டேன். அம்மா மறுக்கவில்லை. "பத்து ஷிப்ட்டு ஆகும் சாமி. ஓவர்டைம் பாத்துக் குடுத்தர்றேன். அது என்ன மிஷினு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் எந்த பிராஜக்ட் என்று சொல்வார்களாம். அம்மா பத்து நாள் நின்றுகொண்டே துணி பார்த்துச் சம்பாதிக்கும் காசில் நான் வாங்கப் போகிற பொருளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சிம்னியில் போகும் சூடு

என் அப்பா சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பவர். 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அப்போது எங்கள் வீட்டு அடுப்பும் கொஞ்சநாள் சரியாக எரியவில்லை. நொய்யல் கெட்டுப்போனதும் உண்மை, எங்கள் வயிறு காய்ந்ததும் உண்மை. பிறகு வேறு பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கே அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் விறகு எரிவதையும் சிம்னியில் புகை போவதையும் பார்த்துக்கொண்டே நிற்பேன். இவ்வளவு சூடும் சும்மா வானத்துக்குத்தானே போகிறது, இதை வைத்து ஒரு எஞ்சின் ஓட்ட முடியாதா?

முடியும் என்று இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார். ராபர்ட் ஸ்டர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816-ல் சூடுகாற்று எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய எஞ்சின் 1818-ல் ஒரு கல்குவாரியில் தண்ணீர் இறைத்தது.

தத்துவம் ரொம்ப எளிது. ஒரு மூடிய டப்பாவுக்குள் கொஞ்சம் காற்று. டப்பாவின் ஒரு பக்கம் சூடு, இன்னொரு பக்கம் குளிர்ச்சி. உள்ளே 'டிஸ்பிளேசர்' என்கிற தள்ளுருளை காற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளும். காற்று சூடான பக்கம் போனால் விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. குளிர்ந்த பக்கம் வந்தால் சுருங்கிவிடும், வெளிக்காற்று பிஸ்டனைத் திருப்பி அழுத்திவிடும். டிஸ்பிளேசர் பிஸ்டனைவிடக் கால் சுற்று, அதாவது 90 டிகிரி முன்னால் ஓட வேண்டும். அவ்வளவுதான்! வால்வு கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. தீ வெளியே எரிவதால் விறகு, உமி, ஸ்பிரிட், வெயில் எதுவானாலும் சரி.

நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கம் கணக்குப் போட்டோம். சிம்னிப் புகை 200 டிகிரி, வெளிக்காற்று 35 டிகிரி என்று வைத்தால், கார்னோ விதிப்படி கிடைக்கக்கூடிய உச்சத் திறனே சுமார் 35 சதவீதம். நிஜத்தில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய காரியம். இருந்தாலும் குஷியோடு அப்பாவிடம் காட்டினேன். அவர் எட்டாவது வரை படித்தவர். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பொகையோட சூட்டை ரொம்ப எடுத்துட்டீன்னா டிராப்ட் கொறஞ்சு போகும் கண்ணு. பொகை மேல ஏறாது. உள்ளுக்குள்ள நீர் கட்டித் தகரமும் அரிச்சுப்போகும்." தெர்மல் பேப்பரில் எண்பது மார்க் வாங்கியவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை.

ஆக, திருப்பூரின் பாய்லர்களையெல்லாம் காப்பாற்றும் திட்டத்தை அன்றோடு மூட்டை கட்டினோம். ஒரு சின்ன எஞ்சின், அது சுற்றினால் போதும் என்று முடிவு செய்தோம். கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. குழுவில் இரண்டு பேருக்கு இதில் மனசே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெருங்காய டப்பா எஞ்சின்

முதல் டப்பா, தகர டப்பா. அடியில் ஈயப்பற்று வைத்திருந்தது. ஸ்பிரிட் விளக்கைக் காட்டிய இரண்டே நிமிடத்தில் அடிப்பாகம் கழன்று விழுந்தது. ஈயப்பற்று 190 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும் என்று முதல் வருடமே படித்திருக்கிறோம்! பரீட்சையில் எழுதினோம், கையில் ஏறவில்லை.

இரண்டாவதாக அம்மா பெருங்காயம் போட்டு வைத்திருந்த நீளமான எவர்சில்வர் டப்பா. பற்று இல்லை, ஒட்டு இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தி, குளிர்ந்த பக்கத்தையும் சூடாக்கிவிடும். எவர்சில்வர் மெதுவாகத்தான் கடத்தும். டிஸ்பிளேசருக்கு, பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை உருட்டி சைக்கிள் போக்ஸ் கம்பியில் மாட்டினோம். சுவருக்கும் அதற்கும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த நார் சும்மா காற்றைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. காற்று அதன் ஊடே போகும்போது சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது கொடுத்துவிடும். ஸ்டர்லிங்கின் உண்மையான கண்டுபிடிப்பே இந்தச் சூட்டுச் சேமிப்புத்தான். 'ரீஜெனரேட்டர்' என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அது.

பிஸ்டனுக்குப் பழைய பத்து மில்லி கண்ணாடி சிரிஞ்சு. அதைவிட வழவழப்பான பிஸ்டனும் சிலிண்டரும் நம் ஒர்க்‌ஷாப்பில் நம்மால் கடைந்து எடுக்க முடியாது. ஃபிளைவீலுக்கு முதலில் காயலான் கடையில் எடுத்த பழைய ஓவர்லாக் மெஷின் சக்கரம். கனம் அதிகமாகி, பேரிங்கே இறுகிப்போனது. பிறகு இரண்டு பழைய சிடிகளை ஒட்டி ஓரத்தில் வாஷர் வைத்தோம்.

டிஸ்பிளேசர் கம்பி போய்வர ஒரு பித்தளை புஷ் வேண்டியிருந்தது. லேத் பட்டறை அண்ணன் ஒருவரிடம் டிராயிங்கை நீட்டினேன். 'இரண்டு மில்லிமீட்டர் துளை' என்று மட்டும் போட்டிருந்தேன். "ஏந் தம்பி, கம்பியும் ரெண்டு, தொளையும் ரெண்டுன்னா எப்படி ஓடும்? எவ்வளவு லூசு வேணும்னு நீதான சொல்லோணும்?" என்றார். டாலரன்ஸ், ஃபிட் என்று ஒரு யூனிட்டே படித்தவன் வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன். அவரே கம்பியை வாங்கி, போட்டுப் பார்த்துப் பார்த்து துளையைச் சரிசெய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஓடுச்சுன்னா கொண்டாந்து காட்டு" என்றார்.

ரிவ்யூ அன்று ஓடவில்லை

மாட்டி முடித்து, தீ மூட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டோம். நாலு சுற்று சுற்றி நின்றது. மறுபடி சுற்றினோம். மறுபடி நின்றது. இப்படியே பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் ரிவ்யூ. பக்கத்து மேஜைகளில் வாங்கி வந்த பிராஜக்டுகள் பட்டனைத் தட்டியதும் விளக்கு எரிந்து, மோட்டார் சுற்றி, ஜம்மென்று ஓடின. எங்கள் பெருங்காய டப்பா மட்டும் வாசனை அடித்துக்கொண்டு சும்மா நின்றது. "ஓடலைன்னா என்னப்பா மார்க் போடறது?" என்று கேட்டார்கள். அந்த ரிவ்யூவில் எங்கள் நான்கு பேருக்கும்தான் வகுப்பிலேயே குறைந்த மார்க். குழுவில் ஒருவன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலேஜ் வருபவன். அவனுடைய மார்க்கையும் சேர்த்துத்தானே நான் பணயம் வைத்தேன்?

அதன் பிறகுதான் நாங்கள் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தோம். அதுவரை 'ஓடு, ஓடு' என்று கெஞ்சிக்கொண்டு இருந்தோம், அவ்வளவுதான். ஒரு நோட்டுப் போட்டு, ஏன் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினோம்.

ஒன்று, காற்றுக் கசிவு. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவார்களே, அதே வித்தைதான். மூடியில் சோப்புத் தண்ணீர் தடவி பிஸ்டனை அழுத்தினால் மூன்று இடத்தில் குமிழ் வந்தது. இரண்டு, உராய்வு. பிஸ்டனையும் டிஸ்பிளேசரையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றினால் அரை நிமிடமாவது சுற்ற வேண்டும். எங்களுடையது ஆறு விநாடியில் நின்றது. மூன்று, குளிர்ந்த பக்கமும் கொஞ்ச நேரத்தில் சூடாகிவிட்டது. அதற்கு மருந்து நம்ம ஊரிலேயே மலை மாதிரிக் கிடக்கிறதே, பனியன் வேஸ்ட்! நனைத்துச் சுற்றிக் கட்டினோம். தண்ணீர் உறிஞ்சுவதில் அதை அடிக்க ஆளில்லை.

நான்காவது தப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டிஸ்பிளேசர் முன்னால் போக வேண்டும் என்று படித்தோம். கிராங்க்கை 90 டிகிரியில் சரியாகத்தான் வளைத்திருந்தோம். ஆனால் இத்தனை நாளும் சக்கரத்தை எதிர்த்திசையில் சுற்றிவிட்டுக் கொண்டிருந்தோம்! அந்தத் திசையில் டிஸ்பிளேசர் பிஸ்டனுக்குப் பின்னால் அல்லவா வரும்? எஞ்சின் எங்களை எதிர்த்து பிரேக் போட்டிருக்கிறது.

திருப்பிச் சுற்றினோம். டக்... டக்... டக்டக்டக். நிற்கவில்லை. அந்த ஸ்பிரிட் தீரும்வரை நாற்பது நிமிடம் ஓடியது. பேசாமல் இருந்த நண்பன்தான் முதலில் கத்தினான். மொத்தச் செலவு 640 ரூபாய்.

ஒரு குதிரைத்திறன் என்றால் என்ன?

'இதால் என்ன உபயோகம்? ஒரு காகிதக் காற்றாடியைச் சுற்றுகிறது, அவ்வளவுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. கணக்குப் பார்ப்போம்.

பீல் என்ற அமெரிக்கர் பல ஸ்டர்லிங் எஞ்சின்களை ஒப்பிட்டு ஒரு எளிய வாய்பாடு தந்திருக்கிறார். அழுத்தத்தை பார் கணக்கிலும், பிஸ்டன் தள்ளும் கன அளவை சிசியிலும், விநாடிக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கி, அதை 0.015-ஆல் பெருக்கினால் கிடைக்கிற சக்தி வாட்டில் வரும். எங்கள் பிஸ்டன் 4 சிசி. சாதாரணக் காற்றழுத்தம் 1 பார். விநாடிக்கு ஐந்து சுற்று. விடை 0.3 வாட். அதுவும் நன்றாகச் செய்த எஞ்சினுக்கு. எங்களுடையது அதில் ஒரு சிறு பங்குதான் கொடுத்திருக்கும்.

இதே முறையில், சாதாரணக் காற்றழுத்தத்தில் விநாடிக்குப் பத்துச் சுற்று ஓடும் எஞ்சினால் ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட் எடுக்க வேண்டுமானால், பிஸ்டன் தள்ளும் அளவு ஏறக்குறைய 5 லிட்டர் இருக்க வேண்டும். ஒரு எண்ணெய் கேன் அளவு! ஒரே ஒரு குதிரைத்திறனுக்கு!

இதை எழுதும்போது எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. 1970 ஜூன் 19 அன்று மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மேல் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் ஏறிய கட்டணம் அது. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்கும்போது 'பைசாவுக்காகவா உயிரைக் கொடுத்தாங்க?' என்று நினைத்திருக்கிறேன். கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வர எவ்வளவு சக்தி வேண்டும், அதை வேறு வழியில் உண்டாக்குவது எவ்வளவு பாடு என்று கையில் கொப்புளத்தோடு கணக்குப் போட்ட பிறகுதான் அந்தப் பைசாவின் மதிப்பு எனக்குப் புரிந்தது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது என்பதை இனி நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன்.

தண்ணீர் இறைக்கவும் நெல் அரைக்கவும் இந்த எஞ்சினைக் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் மெரிக் லாக்வுட் என்பவர் உமியை எரித்து ஓடும் ஸ்டர்லிங் எஞ்சினைச் சின்ன அரிசி ஆலைகளுக்காக உருவாக்கினார். அந்த வழியில் வந்த 5 குதிரைத்திறன் எஞ்சினை நம் சென்னையிலேயே ஒரு நிறுவனம் தயாரித்தது. ஆனால் நம்ம கிணற்று மேட்டில் நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. அதே சக்திக்கு டீசல் எஞ்சினும் மின் மோட்டாரும் எவ்வளவோ சிறியவை.

ஸ்டர்லிங்குக்கே இந்தக் கஷ்டம் வந்தது. அவரும் அவர் தம்பி ஜேம்ஸும் சேர்ந்து டண்டீ நகர வார்ப்பாலை ஒன்றில் 1843-ல் பெரிய சூடுகாற்று எஞ்சினை ஓட்டினார்கள். அன்றைய இரும்பு அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. சூடான பக்கத்துச் சிலிண்டர் திரும்பத் திரும்பப் பழுதாகி, 1847-ல் கைவிடப்பட்டது. அதோடு அந்த எண்ணம் செத்துவிட்டதா? 1983-ல் குரோஷியாவின் இவோ கோலின், வெந்நீர்ச் சூட்டிலேயே ஓடும் எஞ்சினைச் செய்து காட்டினார். 1996 முதல் சுவீடனின் காட்லாண்ட் வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் இதே ஸ்டர்லிங் எஞ்சினால்தான் மேலே வராமல் நீருக்கடியிலேயே நாள் கணக்கில் இருக்கின்றன. 1847-ல் யாராவது ஸ்டர்லிங்குக்கு 'ஓடலைன்னா என்ன மார்க்?' என்று சைபர் போட்டிருந்தால் அது எவ்வளவு தப்பான மார்க்!

எதிர்க்கட்சி வாதம்

நண்பர்கள் சிலர் சொல்வார்கள்: "இன்னைக்கு கம்பெனியில சி.என்.சி. தெரியுமா, பி.எல்.சி. தெரியுமான்னுதான் கேக்கறாங்க. டப்பா எஞ்சினை யாருடா கேக்கறாங்க?" உண்மைதான். ஆனால் சி.என்.சி.யில் எத்தனை மைக்ரான் விட வேண்டும் என்று புரோகிராம் போடுபவன்தான் சொல்ல வேண்டும். லேத் அண்ணன் என்னிடம் கேட்ட அதே கேள்வியை நாளைக்கு மெஷின் கேட்காது. தப்பாகவே வெட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. "நாங்க வேலைக்கும் போயிட்டுப் படிக்கறோம். செய்ய நேரம் ஏது? வாங்கறது சோம்பேறித்தனம் இல்ல, வேற வழியில்ல." இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. என் குழு நண்பனைப் பார்த்த பிறகு, 'வாங்குகிறவன் எல்லாம் ஏமாற்றுக்காரன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று. நாம் ஏன் வாங்குகிறோம்? ஓடாத பிராஜக்டுக்கு மார்க் இல்லை என்பதால். சொந்தமாகச் செய்தால் ஓடாமல் போகும் அபாயம் உண்டு. காசு கொடுத்தால் அபாயம் இல்லை. ஆக, விதியே நம்மைக் கடைக்குத் துரத்துகிறது.

நம் கொங்கு மண்ணின் ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். கோவையில் ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை என்ன? பிரித்துப் போட்டதுதான்! நாமும் வாங்குகிறோம். பிரிக்கிறோமா?

என் யோசனைகள்

மாணவர் பேரவைக்கும் நம் ஆசிரியர்களுக்கும் பணிவோடு நாலு யோசனைகள்.

முதலாவது, செய்தவர் கையால் எழுதிய 'தப்பு நோட்டு' ஒன்று ஒவ்வொரு பிராஜக்டுக்கும் கட்டாயம் வேண்டும். எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை, என்ன மாற்றினோம் என்று தேதியோடு. மார்க்கில் ஒரு நல்ல பங்கு அதற்குப் போகட்டும். கடையில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம், பதினொரு நாள் தோல்வியை வாங்க முடியாது.

இரண்டாவது, வைவாவில் பிராஜக்டை ஒருமுறை பிரித்து மாட்டச் சொல்லுங்கள். வேறு கேள்வியே வேண்டாம்.

மூன்றாவது, பிராஜக்ட் வேலையை ஐந்தாம் செமஸ்டரிலேயே ஆரம்பித்து, வாரத்தில் இரண்டு நாளாவது ஒர்க்‌ஷாப்பை மாலை ஏழு மணிவரை திறந்து வையுங்கள். ஷிப்ட் பார்க்கிற நண்பர்களுக்கும் நேரம் கிடைக்கும்.

நான்காவது, அடுத்த ஆண்டு விழாவில் சூடுகாற்று எஞ்சின் போட்டி ஒன்று வைப்போம். செலவு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவு ஸ்பிரிட். யாருடையது அதிக நேரம் ஓடுகிறதோ அவர்களுக்கு முதல் பரிசு. ஓடாத எஞ்சினுக்கு, ஏன் ஓடவில்லை என்று சரியாகச் சொல்பவர்களுக்கு இரண்டாம் பரிசு!

எங்கள் எஞ்சினை லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, காதைக் கிட்ட வைத்துப் புஷ் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் லூசு சாஸ்திதான்" என்றார். அன்று மாலை வீட்டிலும் ஓட்டிக் காட்டினேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். "இது என்ன மிஷினு சாமி?"

இந்தத் தடவை என்னால் ஒரு மணி நேரம் பதில் சொல்ல முடிந்தது. பெருங்காய டப்பாவை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நண்பர்களே, நம் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கிறார்கள். பதில் சொல்லத் தயாராவோம். வாருங்கள், அடுத்த ஆண்டு போட்டியில் சந்திப்போம்!